வீட்டு சர்வரில் பாஸ்வேர்டு மேனேஜர்: வால்ட்வார்டனா, கீபாஸ்எக்ஸ்சியா?

வேப்பங்காற்று:

வீட்டில் ஐந்து பேர். மூன்று ஆண்ட்ராய்டு போன், இரண்டு ஐபோன், இரண்டு லேப்டாப். பாஸ்வேர்டுகள் எல்லாம் குரோமிலும் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடக்கின்றன. ஓப்பன் சோர்ஸாக, நம் மெஷினிலேயே ஓடுகிற ஒன்றுக்கு மாற வேண்டும். கையில் இருப்பது 4 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர், மெமரி கார்டில் ஓடுகிறது. டாக்கர் (மென்பொருளைத் தனித்தனி கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் கருவி) ஓரளவு தெரியும். ஃபைபர் இணைப்பு சிஜிநாட்டுக்குப் (பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரி) பின்னால் இருப்பதால், வெளியிலிருந்து உள்ளே வர போர்ட் ஃபார்வர்டு பண்ண வழியில்லை.

ஈபி பில், கேஸ் புக்கிங், ஓடிடி கணக்குகளை எல்லாரும் பார்க்க வேண்டும். பேங்க் கணக்கு அவரவருக்கு மட்டும். கரண்ட் போய் பை அணைந்துவிட்டால் வெளியூரில் இருப்பவர் பாஸ்வேர்டு இல்லாமல் நிற்க வேண்டியதுதானா? பிட்வார்டன், வால்ட்வார்டன், பாஸ்போல்ட், கீபாஸ்எக்ஸ்சி, இவற்றில் எதை எடுக்கலாம்?

தறிக்குழி:

வால்ட்வார்டன் எடுங்கள். பொதுக் கணக்கு, தனிக் கணக்கு என்று பிரிக்க வேண்டும் என்றதுமே பாதி முடிவாகிவிட்டது. ஒரு ஆர்கனைசேஷன் (பகிர்ந்துகொள்ளும் குழு) உருவாக்கி, அதற்குள் 'வீடு' என்று ஒரு கலெக்‌ஷன் வையுங்கள். ஈபியும் கேஸும் அதில் போகட்டும், மற்றதெல்லாம் அவரவர் வால்ட்டிலேயே (பாஸ்வேர்டு பெட்டகம்) இருக்கும்.

பிட்வார்டனின் வழக்கமான சர்வர் எம்எஸ் எஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பல கன்டெய்னர்களாக வரும். குறைந்தது 2 ஜிபி ராம் கேட்கும், பை அதற்கான இடமில்லை. வால்ட்வார்டன் அதே ஏபிஐயை (ஆப்கள் சர்வரோடு பேசும் முறை) ரஸ்ட் மொழியில் தனியாக எழுதிய சர்வர், 2021 வரை பிட்வார்டன்_ஆர்எஸ் என்ற பெயரில் இருந்தது. எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் போதும், பையில் ஓடுவதே தெரியாது. போன் ஆப்பும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனும் பிட்வார்டனுடையவைதான். லாகின் திரையில் செல்ஃப் ஹோஸ்டட் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் முகவரியைக் கொடுத்தால் சரி. பாஸ்போல்ட் குறை சொல்ல முடியாத மென்பொருள், ஆனால் அலுவலகக் குழுவுக்கானது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஓப்பன்பிஜிபி என்கிரிப்ஷன் சாவி, அதற்கொரு ரெக்கவரி கிட் கோப்பு. அம்மா போன் மாற்றுகிற அன்று அந்தக் கோப்பை எங்கே போய்த் தேடுவீர்கள்?

பை அணைந்தாலும் பாஸ்வேர்டு கிடைக்கும். வால்ட்டின் என்கிரிப்ட் செய்த பிரதி ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. சர்வர் இல்லாதபோது பார்க்கலாம், ஆட்டோஃபில் வேலை செய்யும், புதிதாகச் சேர்க்கவோ திருத்தவோதான் முடியாது. ஆனால் ஆப்பின் செட்டிங்ஸில் வால்ட் டைம்அவுட் ஆக்‌ஷன் 'லாக்' என்று இருக்க வேண்டும். 'லாக் அவுட்' என்று இருந்தால் டைம்அவுட் ஆனதும் அந்தப் பிரதி அழிந்துவிடும், மறுபடி நுழைய சர்வர் வேண்டும். ஐந்து போனிலும் இதை முதலில் பாருங்கள்.

சிஜிநாட் இங்கே தடையே இல்லை, பாஸ்வேர்டு சர்வரை உலகத்துக்குத் திறந்து வைக்க எந்த அவசியமும் கிடையாது. டெய்ல்ஸ்கேல் (உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் விபிஎன்) போட்டு, அதன் 'சர்வ்' வசதியால் எச்டிடிபிஎஸ் முகவரி எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிடிபிஎஸ் கட்டாயம். பிரவுசரில் திறக்கும் வெப் வால்ட் பயன்படுத்தும் வெப் கிரிப்டோ ஏபிஐயை வெறும் எச்டிடிபியில் பிரவுசர் தராது, 192.168 முகவரியில் திறந்து பார்த்துவிட்டு 'அக்கவுண்ட் உருவாகவில்லை' என்பவர்கள் எல்லாம் இங்கேதான் மாட்டுகிறார்கள். சான்றிதழோடு அந்த மெஷின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும், அதனால் மெஷினுக்கு வீட்டு விலாசம் மாதிரிப் பெயர் வைக்காதீர்கள். டெய்ல்ஸ்கேலின் ஒருங்கிணைப்பு சர்வர் ஓப்பன் சோர்ஸ் இல்லையே என்று உறுத்தினால் அதற்குப் பதில் நீங்களே ஓட்டும் ஹெட்ஸ்கேல் இருக்கிறது, இல்லையென்றால் சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றில் வயர்கார்டு விபிஎன். அப்பா போனில் விபிஎன் எப்போதும் ஓட வேண்டும் என்பதும் இல்லை. முதல் லாகினுக்கும் சிங்க் ஆகும்போதும் போதும்.

டாக்கருக்கான அமைப்புகளை எழுதும் கம்போஸ் கோப்பில் போர்ட்டை 127.0.0.1:8080:80 என்று எழுதுங்கள். வெறும் 8080:80 என்றால் டாக்கர் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டி போர்ட்டைத் திறந்துவிடும். ஃபயர்வால் போட்டிருக்கிறோமே என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. 'டொமைன்' மாறியில் அந்த எச்டிடிபிஎஸ் முகவரியை முழுதாகக் கொடுங்கள். ஐந்து கணக்கும் உருவானதும் 'சைன்அப்ஸ் அலவ்டு' மாறியை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள்.

ஒற்றைக்கோப்பு:

தறிக்குழி சொல்வது சரிதான், ஆனாலும் கீபாஸ்எக்ஸ்சியை அவ்வளவு சீக்கிரம் தள்ள வேண்டாம். சர்வரே இல்லையென்றால் அப்டேட், சான்றிதழ், விபிஎன் எதுவும் இல்லை. பாஸ்வேர்டெல்லாம் அடங்கிய ஒரு கேடிபிஎக்ஸ் கோப்பு, அதைக் கருவிகளுக்கிடையே கொண்டுசேர்க்க சிங்க்திங், ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாஸியம் அல்லது ஸ்ட்ராங்பாக்ஸ். ஒருவர் இரண்டு மூன்று கருவிகளில் பயன்படுத்த இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை.

ஐந்து பேருக்கு ஏன் இடிக்கும் என்றால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் சிங்க்திங் எதையும் இணைக்காது, 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று பெயரில் வரும் இரண்டாவது கோப்பை வைத்துவிட்டுப் போய்விடும். கீபாஸ்எக்ஸ்சியில் டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ்' கொடுத்து யாராவது சேர்க்க வேண்டும். பொதுவுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று ஆறு கோப்பு ஆகிவிடும். ஆண்ட்ராய்டுக்கான சிங்க்திங்கின் சொந்த ஆப்பும் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, இப்போது வேறு ஆட்கள் தொடரும் ஃபோர்க் பதிப்புதான். ஐபோனில் பின்னணி சிங்க்கை நம்பவே முடியாது. ஆக, குடும்பத்துக்கு வால்ட்வார்டன். அதன் சாவிகளை வைக்க உங்களுக்கு மட்டும் ஒரு கேடிபிஎக்ஸ்.

மேல்மாடி:

எதைத் தேர்ந்தாலும் பேக்கப் இல்லையென்றால் வீண். முதலில் மெமரி கார்டை விட்டு யுஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும். ரவுட்டருக்கு யுபிஎஸ் இருந்தால் பையையும் அதிலேயே செருகிவிடலாம், அதன் லோடு தாங்குமா என்று பார்த்துக்கொண்டு.

டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி அடிப்பதுதான் பலர் செய்வது. எஸ்கியூலைட் வால் (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிவைத்து, இயங்குவதால் கடைசியாக எழுதியவை பக்கத்தில் உள்ள 'வால்' கோப்பில் இருக்கலாம். ஓடும்போது டிபி (டேட்டாபேஸ்) கோப்பை மட்டும் எடுத்தால் பழையதோ அரைகுறையோதான் கிடைக்கும். எஸ்கியூலைட்3 கருவியின் 'பேக்கப்' கட்டளையால் பிரதி எடுங்கள், இல்லையென்றால் கன்டெய்னரை நிறுத்திவிட்டு எடுங்கள். கூடவே அட்டாச்மென்ட்ஸ் ஃபோல்டர், கான்ஃபிக்.ஜேசன், லாகினுக்கான ஆர்எஸ்ஏ கீ கோப்பு. அந்தக் கீ தொலைந்தால் எல்லாரும் லாக் அவுட் ஆவார்கள், அவ்வளவுதான், வால்ட் போகாது. ஐகான் கேஷ் தேவையில்லை.

இதையெல்லாம் தினமும் இரவு ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்கு அனுப்புங்கள், அது என்கிரிப்ட் செய்தே அனுப்பும். ஆனால் ரெஸ்டிக் பாஸ்வேர்டை வால்ட்டுக்குள் மட்டும் வைத்தால், பை செத்த அன்று பேக்கப்பைத் திறக்கும் சாவி அந்தப் பேக்கப்புக்குள்ளேயே கிடக்கும். அதையும் உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டையும் டூ ஸ்டெப் லாகினின் ரெக்கவரி கோடையும் பேப்பரில் எழுதிப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். லேப்டாப்பில் டாக்கர் போட்டு அந்த ஃபோல்டரைக் கொடுத்து லோக்கல்ஹோஸ்ட்:8080 திறந்தால் போதும், லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் பிரவுசர் எச்டிடிபிஎஸ் கேட்காது. மீட்கும்போது ஃபோல்டரில் பழைய 'வால்' கோப்பு கிடந்தால் அழித்துவிட்டு டிபியை வையுங்கள், இல்லாவிட்டால் புது டிபி மேல் பழைய மாற்றங்கள் ஏறிக் கெடுத்துவிடும்.

குரோமிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு. இம்போர்ட் முடிந்ததும் டவுன்லோட்ஸிலிருந்தும் ட்ராஷிலிருந்தும் நீக்குங்கள், பிறகு குரோமின் சேமிப்பை அணையுங்கள்.

வேப்பங்காற்று:

நன்றி, எஸ்எஸ்டி வாங்கி வால்ட்வார்டன் போட்டாயிற்று. வெப் வால்ட் திறக்கிறது. அட்மின் பக்கத்தில் மட்டும் டோக்கன் தவறு என்கிறது. 'வால்ட்வார்டன் ஹேஷ்' கட்டளை என் பாஸ்வேர்டிலிருந்து உருவாக்கித் தந்த ஆர்கான்2 ஹேஷ் வரியைத்தான் கம்போஸ் கோப்பில் அட்மின் டோக்கனாக ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று, அம்மா மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அட்மின் பக்கத்திலிருந்து மாற்றித் தர முடியுமா?

தறிக்குழி:

அந்த வரியில் உள்ள ஒவ்வொரு டாலர் குறியையும் இரண்டாக்குங்கள். கம்போஸ் கோப்பில் ஒற்றை டாலர் என்றால் மாறி என்று எடுத்துக்கொண்டு அந்தத் துண்டை விழுங்கிவிடும். லாகின் பெட்டியில் ஹேஷை ஒட்டக் கூடாது, ஹேஷ் உருவாக்கும்போது கொடுத்த பாஸ்வேர்டைத்தான் தட்ட வேண்டும். உள்ளே போன பிறகு அட்மின் பக்கத்தில் எதையாவது சேவ் செய்தால் அது கான்ஃபிக்.ஜேசனில் பதிவாகி, கம்போஸ் கோப்பில் உள்ளதை மீறும். பின்னால் 'கம்போஸில் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை' என்றால் அங்கே பாருங்கள்.

அம்மா விஷயத்தில் அட்மின் பக்கம் உதவாது, அவர் சாவி சர்வரிடம் இல்லை. அவருக்குப் பாஸ்வேர்டு நினைவில் இருக்கும்போதே அவர் கணக்கிலிருந்து எமர்ஜென்சி ஆக்சஸில் உங்களைச் சேர்த்து, 'டேக்ஓவர்' (கணக்கை எடுத்துக்கொள்ளும்) உரிமையும் காத்திருப்பு நாளும் குறித்து, அழைப்பை நீங்கள் ஏற்று, அவர் உறுதி செய்யும் வரை முடித்துவிடுங்கள். மறந்த பிறகு தொடங்க முடியாது. அறிவிப்பு மெயில் போக எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் வசதி) அமைத்திருப்பது நல்லது.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். போனில் பிட்வார்டன் ஆப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், சர்வர் பழசாகவே இருந்தால் ஒருநாள் சிங்க் நின்றுபோகும். பேக்கப், இமேஜ் புல் (புதுப் பதிப்பை டவுன்லோட் செய்வது), மறுதொடக்கம், அந்த வரிசையில்.