பொங்கல் லீவில் பட்டறை: எதை முன்னாலேயே முடிப்பது, எதைப் பிள்ளைகளோடு செய்வது?

கொல்லைப்பட்டறை (மண்டபம்):
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக் கொல்லையில கரி உலை, பெல்ட் கிரைண்டர், ஒரு ஓடிஜி (கேக் சுடுற கரண்ட் அடுப்பு) இருக்கு. பொங்கலுக்கு அக்கா குடும்பம் போகிக்கு முந்தின நாள் வந்து காணும் பொங்கல் வரைக்கும் தங்குறாங்க. அக்காவுக்கு 7 அங்குல மீன் கத்தி, மச்சானுக்குக் கரும்பு, தேங்காய் வெட்ட ஒரு சின்ன அரிவாள் கொடுக்கணும். இரும்பு, டெம்போ பட்டா (வண்டி அடியில இருக்கிற ஸ்பிரிங் தகடு), 7 மி.மீ. கனம். அக்கா பசங்களுக்கு 7 வயசு, 11 வயசு. அவங்களையும் வேலையில சேர்த்துக்க ஆசை. ஆள் வர்றதுக்கு முன்னாடி எதை முடிச்சுடணும், எதைத் தள்ளிப் போடலாம்? வடகடல் பக்கத்துலயே இருக்கு, வாடைக் காத்துல தேய்ச்சு வச்ச இரும்பு மறுநாள் காலையில செம்பட்டையாயிடுது. அதுக்கும் வழி சொல்லுங்க.

உலைக்கரி:
தம்பி, நடுவுல யாராவது கூப்பிட்டா போட்டுட்டுப் போகலாமா, கூடாதா? வேலையை அப்படிப் பிரிச்சுக்குங்க. அடிச்சு நீட்டுறது, கிரைண்டிங், கைப்பிடி தேய்க்கிறது எல்லாம் எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம். கடினம் ஏறுறதுக்காகச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கின இரும்பை மட்டும் அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது. டெம்பர் பண்ணாத, அதாவது முக்கின பிறகு மிதமான சூட்டுல வச்சு இளக்காத கத்தி கண்ணாடி மாதிரி. ராத்திரி சும்மா கிடக்கும்போதே விரிசல் விடும், கீழே விழுந்தா ரெண்டாகும். அதனால உலை வேலை, முக்குறது, டெம்பர் மூணையும் விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

பழைய பட்டான்னா முதல்ல சாணை பிடிச்சு நல்ல வெளிச்சத்துல பாருங்க. நடு போல்ட் ஓட்டையைச் சுத்தி மயிரிழை விரிசல் இருக்கும், அந்தத் துண்டைத் தள்ளிடுங்க. மீன் கத்திக்கு முதுகு 2.5 மி.மீ., அரிவாளுக்கு 4 மி.மீ. வர்ற வரைக்கும் அடிங்க. மங்கல் சிவப்புக்குக் கீழே அடிச்சா உள்ளே கீறும். பொறி பறக்கிற வெள்ளைச் சூட்டுக்குப் போனா இரும்பு கருகிப் போச்சு, அந்த முனையை வெட்டிப் போட வேண்டியதுதான். அடிச்சு முடிஞ்சதும் காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய்க் காத்துல கறுக்க விடுங்க, மூணு தடவை. கடைசியா ஒரு சூடு ஏத்தி ராத்திரி முழுக்கச் சாம்பல்ல புதைச்சு வைங்க.

ரிவெட் ஓட்டையை முக்குறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. பலரும் மறக்கிறது இதைத்தான். அப்புறம் டிரில் பிட் உள்ளே இறங்காது. வெட்டுவாயை 0.7 மி.மீ. விட்டு வைங்க, அதைவிட மெலிசா இருந்தா முக்கும்போது வளையும்.

முக்குறதுக்குப் பொழுது சாயுற நேரம்தான் சரி. வெயில்ல சிவப்பு கம்மியாத் தெரிஞ்சு சூட்டை ஏத்திடுவோம். காந்தம் விட்டதுக்கு மேல ஒரு நிழல் கூடுதல் சிவப்பு போதும். கடலை எண்ணெய் 5 லிட்டர், 50–60 டிகிரிக்குச் சுட வச்சது. பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை வீட்டுக்குள்ள போகும். இரும்பு மூடியும் ஒரு வாளி மணலும் கை எட்டுற தூரத்துல இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க. அரம் வழுக்கினா கடினம் ஏறியாச்சு.

அப்புறம் எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சு, ஓடிஜியில ரெண்டையும் மணல் தட்டுல வச்சு 200 டிகிரியில 2 மணி நேரம், ஆறினதும் இன்னொரு 2 மணி நேரம். பிறகு கத்தியை எடுத்துட்டு அரிவாளை மட்டும் 240-ல இன்னொரு 2 மணி நேரம் வைங்க. அது மோதி வெட்டுற ஆயுதம், கொஞ்சம் இளகணும். ஓடிஜி திருகுல இருக்கிற எண்ணை நம்பாதீங்க, உள்ளே தனியா ஒரு தெர்மாமீட்டர் வைங்க.

தென்கடல்:
துருவுக்குப் பாதிக் காரணம் காத்து, மீதி உங்க வாளித் தண்ணி. நம்ம கரையோரத்துல நிறைய போர்த்தண்ணி உப்பு. கிரைண்டர்ல சூடாகும்போது அதுல முக்கி முக்கி எடுத்தா கத்தி மேல உப்பைப் பூசுற மாதிரிதான். கேன் தண்ணி அல்லது பிடிச்சு வச்ச மழைத்தண்ணியில ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து வைங்க. வேலையை நிறுத்தும்போது உலரத் துடைச்சு, தேங்காய் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க. பழைய துணியில சுத்தி வச்சா துணி ஈரம் இழுக்கும்.

முக்கின பிறகு கிரைண்டிங் வெறுங்கையால பண்ணுங்க. கை பொறுக்கலைன்னா உடனே தண்ணியில விடுங்க. முனையில நீலம் ஏறினா அந்த இடம் 300 டிகிரியை எட்டியிருக்கும், கூர் நிக்காது.

படகு வேலையில மிஞ்சின ஸ்டெயின்லெஸ் தகட்டுல பண்ணலாமேன்னு யாராவது யோசனை சொல்லுவாங்க. அது பெரும்பாலும் 304 அல்லது 316 ரகம். எவ்வளவு சூடாக்கி முக்கினாலும் கடினம் ஏறாது. கத்திக்கான ஸ்டெயின்லெஸுக்கு 1000 டிகிரியை ஒட்டியோ அதுக்கு மேலயோ அளவான சூடு வேணும், கரி உலையில அது நடக்காது.

அரிவாள்மனை:
மீன் அறுக்கிறவங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். பாறை, விளமீன் சதையை எடுக்க ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி சாணை அருமையா இருக்கும். அதே கத்தியால தலையைப் பிளந்தா வாய் பொரிஞ்சு போகும். அக்காகிட்ட முதல்லயே கேளுங்க. தலையும் அதுலதான்னா கைப்பிடிப் பக்கம் 2 அங்குலத்தை மட்டும் 22 டிகிரியா விடுங்க.

கைப்பிடிக்குப் பனை வைரம் பார்க்க அழகு. ஆனா மீன் கத்திக்கு வேண்டாம், ஈரத்துல நார் எழும்பிக் கையில குத்தும். புளி அல்லது நாட்டுக் கருவேலம் போடுங்க. கண்ணாடி மாதிரி மெருகு ஏத்தாம 220 நம்பர் உப்புக்காகிதத்தோட நிறுத்துங்க. மீன் வழுவழுப்புல வழுக்காத பிடிதான் விரலைக் காப்பாத்தும். பின்பக்கம் சுண்டுவிரல் தங்க ஒரு கொக்கி வளைவும் வேணும். புதுக் கத்திக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறதா இருந்தா கைப்பிடியில வைங்க. தேய்ச்ச இரும்புல வச்சா அந்த வட்டம் துருவாப் பதிஞ்சிடும்.

கொல்லைப்பட்டறை (மண்டபம்):
ரொம்ப நன்றி அண்ணே, நன்றிக்கா. அப்ப லீவு நாள்ல பசங்களுக்கு என்னதான் மிஞ்சும்? முக்கும்போது கத்தி வளைஞ்சா என்ன பண்றது?

உலைக்கரி:
வளைஞ்சா எண்ணெயிலிருந்து எடுத்த முதல் நிமிஷத்துக்குள்ள, கை உறையோட, ரெண்டு பலகைக்கு நடுவுல அழுத்தி நிமித்துங்க. ஆறிப்போச்சுன்னா தட்டாதீங்க, ஒடியும். டெம்பர் பண்ணும்போது ஆங்கிள் இரும்போட சேர்த்துக் கிளாம்ப் போட்டு, வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு காசு கொடுத்து இறுக்கினா நேராகும்.

பசங்களுக்கு நிறைய இருக்கு. பெரியவன் கைப்பிடியைக் கையாலயே தேய்க்கட்டும், 80, 120, 220 வரிசையில, முகக்கவசத்தோட. அதுவரைக்கும் வெட்டுவாயைச் சாணை பிடிக்காம மொட்டையாவே வச்சு, மேல அட்டை சுத்தி டேப் ஒட்டுங்க. சின்னவனுக்குப் பனை ஓலை உறை. ஓலையை நனைச்சு அரை அங்குல வாராக் கிழிச்சுக் கொடுத்தா பின்னிடுவான். இந்தக் காத்துக்குத் தோல் உறையைவிட அதுவே நல்லது. தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சு, உள்ளேயே துருப்பிடிக்கும்.

கைப்பிடி ஒட்டுறதை மாட்டுப்பொங்கல் ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு வச்சுக்கோங்க. அரால்டைட் ஸ்டாண்டர்டு (ரெண்டு டியூப்ல வர்ற எபாக்சி பசை) சரிக்குச் சரி கலந்து, 5 மி.மீ. பித்தளை ரிவெட் போட்டு, சும்மா பிடிக்கிற அளவுக்குக் கிளாம்ப். ரொம்ப இறுக்கினா பசையெல்லாம் வெளியே வந்து காய்ஞ்ச ஒட்டாயிடும். காணும் பொங்கலுக்கு ஊர் சுத்திட்டு வர்றதுக்குள்ள நல்லா இறுகியிருக்கும்.

கொல்லையில வத்தல், கருவாடு காயுற பக்கம் கிரைண்டர் ஓட்டாதீங்க, இரும்புத்தூள் அதுல படியும். வேட்டியும் துண்டும் பெல்ட்டுக்கிட்ட ஆகாது, உலைக்குப் பருத்திச் சட்டை மட்டும். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில விரிச்சுக் காயப் போட்டுட்டு, அப்புறம் போய்ச் சாப்பிட உட்காருங்க.