தெரியாமல் இருந்தால்தான் சந்தோஷமா? வாட்சனை விடுங்கள்!

வெள்ளவத்தை பயோ மாஸ்டர்:
கோபு என்றொருவர் நேற்று எழுதியிருந்தார்: "ஒன்றும் தெரியாதவன்தான் சந்தோஷமாக இருக்கிறான், டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வாட்சனே தன் டி.என்.ஏ.யைப் பார்க்கப் பயந்தவர்." வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தம்பி, அரைகுறையாகக் கேட்டதை இப்படி அவிழ்த்து விடக் கூடாது. 2007 இல் வாட்சனுடைய மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து டி.வி.டி.யில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தார்கள், அதை ஊர் பார்க்க வெளியிடவும் அவர் சம்மதித்தார். வேண்டாம் என்றது ஒரேயொரு பரம்பரையலகை (மரபணுவை). ஏபிஓஈ. அல்சைமர் என்கிற மறதி நோய் வரும் வாய்ப்புக் கூடவா குறையவா என்று காட்டுவது அது, அவருடைய பாட்டிக்கும் அந்த நோய் இருந்தது. ஆயிரக்கணக்கானதைப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டவரைப் "பார்க்கப் பயந்தவர்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கொட்டாஞ்சேனை கோபு:
மாஸ்டர், நன்றி. எனக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள். ஒன்றை விட்டார். எதை விட்டார்? உண்மையிலேயே நெஞ்சைக் கலக்கக்கூடிய அந்த ஒன்றை. மிச்சத்தைப் பார்க்க யாருக்குத்தான் பயம்? 79 வயதில், நொபெல் பரிசு வாங்கின மனுசன், தெரியாமல் இருப்பதே நிம்மதி என்று முடிவெடுத்தார். அவ்வளவுதான் நான் சொன்னது.

மருதானை மரிக்கார்:
முதலில் சந்தோஷம் என்றால் என்ன, நிம்மதி என்றால் என்ன என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டுச் சண்டை பிடித்தால் நல்லது. இரண்டும் ஒன்றா?

வெள்ளவத்தை பயோ மாஸ்டர்:
மரிக்கார் நானா, அதைப் பிறகு பார்ப்போம். கோபு, ஒன்றை மட்டும். ஒன்றை மட்டும்! எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்க ஏபிஓஈ என்றால் என்ன, அது எந்த நோயோடு சம்பந்தப்பட்டது, வந்தால் குணமாக்க மருந்தில்லை என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அது அறியாமை இல்லை, அறிவின் உச்சம். இன்னொன்றும் கேளுங்கள். 2009 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அல்சைமர் வந்த பெற்றோரின் பிள்ளைகள் 162 பேரில் ஒரு பகுதியினருக்கு இதே ஏபிஓஈ முடிவைச் சொன்னார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் பார்த்ததில் பதகளிப்பிலோ மனச்சோர்விலோ இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தெரிந்ததால் யாரும் இடிந்து போகவில்லை. நான் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறவன் தம்பி, வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்துக் கதைக்கிற ஆள் இல்லை.

கொட்டாஞ்சேனை கோபு:
அந்த 162 பேரும் "சொல்லுங்கள், கேட்கிறோம்" என்று தாங்களாக முன்வந்தவர்கள்தானே? கேட்கத் துணிந்தவன் இடிந்து போகாததில் என்ன அதிசயம்? வாட்சன் அந்த 162 பேரில் ஒருவரா? இல்லை. அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

தெஹிவளை சுமதி:
உங்கள் வாட்சன் இருக்கட்டும். எங்கள் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் லண்டனில் இருக்கிற அண்ணாவும் டொரொன்டோவில் இருக்கிற தங்கச்சியும் "அம்மாவுக்கு மூச்சும் விடக் கூடாது, கவலையிலேயே போய்விடுவார்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். சரி என்று நானும் "சின்னக் கட்டி" என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றினேன். எங்கே? மஹரகமவுக்கு! கொழும்பில் இத்தனை காலம் இருந்த ஒருவருக்கு மஹரகம ஆஸ்பத்திரி என்றால் புற்றுநோய்க்கு என்று தெரியாதா? போதாக்குறைக்கு அம்மா இங்கிலிஷ் ரீச்சராக இருந்தவர். ரிப்போர்ட் ஃபைலை என்னிடம் தராமல் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திறக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வழியில் நுகேகொடையில் நிறுத்தச் சொல்லி மாம்பழம் வாங்கினார், அதுவும் விலை பேசி. தெரியாத மாதிரி இருந்தது எங்களுக்காக. இதில் யார் அறியாமையில் இருந்தது, யார் சந்தோஷமாக இருந்தது என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள் பார்ப்போம்.

கொட்டாஞ்சேனை கோபு:
அக்கா, மன்னிக்க வேண்டும், ஆனால் இது நான் சொன்னதேதான். ஃபைலை அவரும் திறக்கவில்லை. வாட்சனும் திறக்கவில்லை.

வெள்ளவத்தை பயோ மாஸ்டர்:
தலைகீழாக விளங்கியிருக்கிறீர்கள். திறக்காமலே தெரிந்திருந்தது, ஆகவே அறிவோடுதான் மாம்பழம் வாங்கினார். சுமதி பிள்ளை சொன்னது முழுக்க என் பக்கம்.

தெஹிவளை சுமதி:
நான் யார் பக்கமும் இல்லை. என் அம்மாவை உங்கள் வாட்சனுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட வேண்டாம். மாஸ்டர், பிள்ளை என்று அழைக்கிற அளவுக்கு நான் சின்னவளும் இல்லை.

மருதானை மரிக்கார்:
இதற்குள் ஒரு பகிடி இருக்கிறது. வாட்சனின் ஏபிஓஈயை மறைத்து வெளியிட்டார்கள், சரி. ஆனால் பக்கத்தில் இருக்கிற மற்றப் பகுதிகளை வைத்தே அதை ஊகிக்கலாம் என்று வேறு விஞ்ஞானிகள் எழுதினார்கள், பிறகு அக்கம்பக்கத்தையும் சேர்த்து மறைக்க வேண்டி வந்தது. அதுசரி, அதே 2007 இல்தான் அவர் ஆபிரிக்கர்களின் புத்தியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பதவி போனது. இந்த ஆளை வைத்தா அறிவுக்கு இலக்கணம் எழுதுகிறீர்கள்?

வெள்ளவத்தை பயோ மாஸ்டர்:
அவர் கதைத்தது அசிங்கம், அதை நான் எங்கே மறுத்தேன்? டி.என்.ஏ.யை ஆராய்ந்த ரோசலின்ட் ஃபிராங்க்லினின் எக்ஸ் கதிர்ப் படத்தை அவருக்குத் தெரியாமல் பார்த்துப் பலன் எடுத்தவர் என்பதையும் வகுப்பில் சொல்லித்தான் படிப்பிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அது சம்பந்தமில்லை. கேள்வி, ஒன்றை மட்டும் விட்டாரா, எல்லாவற்றையும் விட்டாரா? கோபு இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். முன்கூட்டியே தெரிந்துகொள்வதன் அருமை அவருக்கு விளங்காது. 2022 ஏப்ரல் 12 ஆம் தேதி கடன் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவிக்கும் முன்பே, டொலர் இல்லை, காஸ் வராது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டவன் சமைத்தான். கேட்காதவன் வெறும் சிலிண்டரோடு தெருவில் நின்றான்.

கொட்டாஞ்சேனை கோபு:
வந்துவிட்டது சிலிண்டர் கதை! எதைப் பற்றிக் கதைத்தாலும் இவர் கடைசியில் 2022 இல் வந்து நிற்பார். முன்கூட்டியே தெரிந்து இரண்டு சிலிண்டரைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தவர், ஒவ்வொரு இரவும் எழும்பி அது இருக்கிறதா என்று பார்த்ததாக இங்கேதானே எழுதினார். நாங்கள் வரிசையில் நின்றோம், கடலை கொறித்தோம், அரசாங்கத்தைத் திட்டினோம், வீட்டுக்கு வந்து படுத்ததும் நித்திரை. யார் சந்தோஷமாக இருந்தது?

வெள்ளவத்தை பயோ மாஸ்டர்:
நித்திரை கொண்டவர் காலையில் மச்சானை என்னிடம் அனுப்பி ஒரு சிலிண்டர் வாங்கிச் சமைத்ததை ஏன் எழுதவில்லை?

கொட்டாஞ்சேனை கோபு:
அதைத்தான் திருப்பித் தந்தோமே!

வெள்ளவத்தை பயோ மாஸ்டர்:
தந்தீர்கள். நான் கொடுத்தது நீலம், நிரம்பினது. வந்தது மஞ்சள், வேறு கம்பெனி, வெறுமை. எந்தக் கடைக்காரனும் மாற்றித் தர மாட்டேன் என்கிறான்.

கொட்டாஞ்சேனை கோபு:
மச்சானைக் கேளுங்கள். எனக்குத் தெரியாது.