தொழில்நுட்பத்துடன் கற்பிக்கக் கற்றுக்கொள்ளும் தனிப்பயிற்சி ஆசிரியர் எந்த இலக்கிலிருந்து தொடங்கலாம்?

காவிரிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் மாநிலப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரங்களில் கணிதம் கற்பித்து வருகிறேன். இதுவரை கரும்பலகையும் வரைபடத் தாளுமே என் கருவிகள். இந்தக் கல்வியாண்டில் கல்வித் தொழில்நுட்பத்தை முறையாகக் கற்க விரும்பி மூன்று இலக்குகளை எழுதி வைத்திருக்கிறேன்: ஜியோஜீப்ரா என்னும் கணித வரைபட மென்பொருளில் தேர்ச்சி பெறுவது, கூகுள் படிவத்தில் வாரத் தேர்வு நடத்துவது, பாடங்களைக் காணொளியாகப் பதிவு செய்வது. ஒரு மடிக்கணினியும் ஒரு புரொஜெக்டரும் இருக்கின்றன. பிள்ளைகள் பலருக்கு, பெற்றோர் வேலை முடிந்து வந்த பிறகே கைப்பேசி கிடைக்கும். இவற்றில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்?

நெல்லைச்சீமை:
வணக்கம் ஐயா. கல்வியியல் கல்லூரியில் பணியாற்றுபவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியுள்ள மூன்றிலும் கருவி இருக்கிறது. மாணவரிடம் என்ன மாற வேண்டும் என்பது இல்லை. பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் ஒன்றாகக் கலந்த தனி அறிவு ஒன்று ஆசிரியருக்கு வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதினார். அதனுடன் தொழில்நுட்ப அறிவையும் இணைத்து, ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் 2006-இல், இன்று 'டிபேக்' (TPACK) எனப்படும் சட்டகத்தை முன்வைத்தார்கள். பி.எட். வகுப்புகளில் இதை மூன்று வட்டங்களாக வரைந்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம். மென்பொருளைத் தனியே பழகிக்கொண்டு பிறகு அதைப் பாடத்தில் எங்கே நுழைப்பது என்று தேடுவதைவிட, உங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுமாறும் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து இலக்கை எழுதுங்கள்.

வைகைமகள்:
அந்த இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பத்தாம் வகுப்பில் வரும் இருபடி வரைபடத்துக்கு (y = ax² + bx + c), a, b, c என்ற மூன்று கெழுக்களுக்கும் ஜியோஜீப்ராவில் ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் கோடு) அமைத்துக்கொள்ளுங்கள். மாறிலியை (c) மாற்றினால் பரவளையம், அதாவது அந்த வளைவரை, மேலும் கீழும் நகரும் என்று பிள்ளைகள் எளிதில் சொல்லிவிடுவார்கள். ஒருபடி உறுப்பின் கெழுவை மாற்றினால் என்னவாகும் என்று கேட்டால், பக்கவாட்டில் நகரும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஸ்லைடரைத் தொடுவதற்கு முன், முனைப்புள்ளி (பரவளையம் திரும்பும் புள்ளி) செல்லும் வழியை ஒவ்வொருவரும் நோட்டில் வரையட்டும். பிறகு முனைப்புள்ளி தன் தடத்தைப் பதிக்கும்படி வைத்து நகர்த்திப் பாருங்கள். இருபடி உறுப்பின் கெழு மிகை எண்ணாக இருந்தால், அந்தத் தடம் தலைகீழான இன்னொரு பரவளையமாகத் திரையில் விரியும். அது ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்; வர்க்கப் பூர்த்தி முறையைக் கரும்பலகையில் எழுத அதைவிட நல்ல தருணம் இல்லை. ஆகவே, 'எந்தக் கெழு மாறினால் வளைவரை எப்படி மாறும் என்பதை மாணவர் முன்கூட்டியே சொல்லிக் காரணமும் கூற வேண்டும். அதற்குத் தேவையான அளவு ஜியோஜீப்ரா கற்பேன்' என்று முதல் இலக்கை எழுதலாம். மென்பொருள் இலவசம்; நிறுவிக்கொண்டால் இணையமும் வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இதற்கான பயிற்சிகள் இருக்கின்றன.

வரைபடத்தாள்:
வைகைமகள் அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பொதுத்தேர்வில் வரைபடம் 8 மதிப்பெண் வினா. அதை மாணவர் கையால்தான் வரைய வேண்டும். திரையில் பார்த்த அதே வகுப்பில் அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளைக் குறித்து, வளைவரையைத் தாளிலும் வரையச் செய்யுங்கள்.

கூகுள் படிவத்தைப் பொறுத்தவரை, பிழையான விடைகளைக் கவனமாக அமைப்பதுதான் கற்க வேண்டிய கலை. 'மூன்றும் நான்கும் கூட்டி வர்க்கப்படுத்தினால்?' என்ற வினாவுக்கு 49 உடன் 25-ஐயும் ஒரு விடையாகக் கொடுத்தால், தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டியவர் யார் என்று தெரிந்துவிடும். கைப்பேசி தாமதமாகக் கிடைப்பதால், விடையளிக்க மறுநாள் காலை வரை நேரம் கொடுங்கள். காணொளிப் பதிவைத் தள்ளிவைக்கலாம்; பாடநூலின் க்யூஆர் கோடுகள் வழியாகவும் 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியிலும் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

காவிரிக்கரை:
மூவருக்கும் மிக்க நன்றி. பரவளையத்தை மட்டும் இந்தப் பருவத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாடம் முடிந்த பிறகே படிவம். ஓர் ஐயம்: மடிக்கணினி ஒன்றுதான் என்பதால், ஸ்லைடரை நானே நகர்த்தினால் போதுமா?

வைகைமகள்:
மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள் ஐயா. எந்தக் கெழுவை, எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். நீங்கள் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வகுப்பைச் சுற்றி வரலாம்.