பேக்கப்பிலிருந்து எடுத்த ஃபைல்கள் திறக்கவில்லை, அனுமதி இல்லை என்கிறது. அவசரம்!

தாழம்பூ, இரவு 9.12
புது லேப்டாப் வாங்கி பழைய பேக்கப்பை இதில் போட்டுவிட்டேன். என் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வருகிறது, மேலே பூட்டுப் படம் வேறு. கடவுச்சொல் சரிதான், பயனர் பெயரும் பழைய பெயர்தான். எங்கள் ஊர் நூலகத்துக்காக இரண்டு வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் அதற்குள் இருக்கின்றன. நாளைக் காலை பட்டியல் அனுப்ப வேண்டும். யாராவது உடனே சொல்லுங்களேன்.

மின்தடை, 9.20
ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே ஓனர் என்ற இடத்தில் சேஞ்ச் கொடுத்து உங்கள் பெயரைப் போடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். விண்டோஸ் உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் அடையாள எண்ணைத்தான் பார்க்கும்.

செம்மண், 9.24
விண்டோஸ் என்று அவர் எங்கே சொன்னார்? தாழம்பூ, எந்த இயங்குதளம்? பேக்கப் எதை வைத்து எடுத்தீர்கள்? எந்த ஃபோல்டரில் இறக்கினீர்கள்? இது தெரியாமல் யார் சொல்வதும் குத்துமதிப்புதான்.

நள்ளிரவு, 9.31
எனக்கென்னவோ பேக்கப் டிஸ்க்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஒரு வாரத்தில் டிஸ்க்கே தெரியாமல் போனது. முதலில் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் சோதனை ஓட்டிப் பாருங்கள்.

தாழம்பூ, 9.41
உபுண்டு லினக்ஸ். சொல்லாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை வைத்து எடுத்தது, எடுத்ததும் இறக்கியதும் சுடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தில்தான்.

ஒற்றைப்பனை, 9.44
லினக்ஸ் என்றால் எளிது. சுடோ போட்டு, அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் 777, கூடவே உள்ளே இருப்பவற்றையும் சேர்க்கும் பெரிய ஆர். எல்லாம் திறந்துவிடும்.

பழைய விசைப்பலகை, 9.52
777 என்று சொல்கிறவர்களை நான் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று பொருள். உரிமையாளர், குழு, மற்றவர் என்ற அடிப்படைப் பாடத்தை முதலில் படித்துவிட்டு வாருங்கள் தாழம்பூ. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை தருவதை வாசிக்கத் தெரியாமல் பேக்கப் எடுக்கவே கூடாது.

செம்மண், 9.55
அவருக்கு விடிந்தால் வேலை இருக்கிறது, பாடம் அப்புறம் நடத்தலாம் ஐயா.

தாழம்பூ, 10.08
777 போட்டுவிட்டேன், புத்தகங்கள் திறக்கின்றன! ஆனால் நூலக சர்வருக்குள் போக முடியவில்லை. சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலுக்கு உரிமையாளரோ அனுமதியோ சரியில்லை என்கிறது. அந்த எஸ்எஸ்எச் ஃபோல்டரையும் பழையதிலிருந்துதான் நகர்த்தி வைத்தேன். இன்னொன்று, இது சம்பந்தமா என்று தெரியவில்லை: பழைய லேப்டாப்பில் அண்ணனும் ஒரு கணக்கு வைத்திருந்தார். அவருடைய ஃபோல்டர் முதலிலேயே திறந்தது! என்னுடையதுதான் திறக்கவில்லை.

கிணற்றடி, 10.15
சம்பந்தம் அதில்தான் இருக்கிறது அக்கா. பழைய லேப்டாப்பில் உபுண்டுவை நிறுவியது அண்ணன்தானே? நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்கு 1000 என்ற எண் கிடைக்கும். அடுத்து வந்த உங்களுக்கு 1001. புதியதில் நீங்கள்தான் முதல் ஆள், அதனால் 1000. டிஸ்கில் ஒவ்வொரு ஃபைலோடும் பதிவாவது எண் மட்டும்தான், பெயர் இல்லை. அதனால் அண்ணனுடையதெல்லாம் உங்களுடையதாகவும், உங்களுடையது யாரோ 1001-ஆம் ஆளுடையதாகவும் தெரிகிறது. எல்எஸ் கட்டளைக்கு எல், என் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், எண்ணாகவே காட்டும். ஐடி என்று மட்டும் அடித்தால் உங்கள் இப்போதைய எண் வரும்.

1001 என்று பார்த்த பிறகு, சுடோவுடன் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன், பெரிய ஆர், 1000:1000 (பயனர், குழு), கடைசியில் உங்கள் ஃபோல்டரின் பாதை. எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கும் அதையே செய்யுங்கள். அண்ணன் ஃபோல்டரைத் தொடாதீர்கள். பின்னால் அவருக்கும் இதில் கணக்கு உருவாக்கினால் அவருடையதை மட்டும் தனியாக 1001-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

பழைய விசைப்பலகை, 10.21
அதோடு 777-ஐயும் சரிசெய்ய வேண்டும். சிஎச்மோடில் பெரிய எக்ஸ் கொடுத்தால் ஃபோல்டர்களுக்கு மட்டும் நுழையும் அனுமதி வைத்து, ஃபைல்களுக்கு எடுத்துவிடும். ஒரே வரி.

கிணற்றடி, 10.27
இந்த இடத்தில் அது உதவாது. ஒரு ஃபைலுக்கு ஏற்கெனவே ஓட்டும் அனுமதி இருந்தால் பெரிய எக்ஸ் அதை அப்படியே விட்டுவிடும். 777 போட்டதால் ஒவ்வொரு பிடிஎஃபுக்கும் இப்போது அந்த அனுமதி இருக்கிறதே. ஃபைண்ட் என்ற தேடும் கட்டளையில் டைப் டி என்று ஃபோல்டர்களைப் பிரித்து 755 (எழுதுவது உரிமையாளர் மட்டும், நுழைவது எல்லோரும்), டைப் எஃப் என்று ஃபைல்களைப் பிரித்து 644 (எழுதுவது உரிமையாளர் மட்டும், படிப்பது எல்லோரும்) கொடுங்கள். உங்கள் ஸ்கிரிப்டுகள் ஏதாவது இருந்தால் அவற்றுக்கு மட்டும் ஓட்டும் அனுமதியைக் கையால் திரும்பக் கொடுக்க வேண்டும். கடைசியாக எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, உள்ளே கான்ஃபிக்குக்கும் தனிச் சாவி ஃபைலுக்கும் 600, அதாவது உங்களுக்கு மட்டும். சாவி 644-இல் இருந்தால்கூட எஸ்எஸ்எச் அதை ஏற்காது.

பழைய விசைப்பலகை, 10.33
சரி, 777-க்குப் பிறகு என்றால் நீங்கள் சொல்வது சரிதான்.

நள்ளிரவு, 10.36
இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் நான் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் உள்ள டிஸ்கில் பேக்கப் எடுக்கிறேன். எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும்.

செம்மண், 10.40
திறக்கும், ஏனென்றால் எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளரும் இல்லை, அனுமதியும் இல்லை. திரும்ப இறக்கும்போது எது ஸ்கிரிப்ட், எது சாவி என்ற வித்தியாசமே போயிருக்கும். அதை பேக்கப் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நள்ளிரவு, 10.44
வீட்டுப் படங்களுக்கு அது எதற்கு?

செம்மண், 10.49
படங்களுக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஹோம் ஃபோல்டர் முழுவதும் என்றால் வேண்டும். எக்ஸ்ஃபேட்தான் வேண்டுமென்றால் டார் கட்டளையால் ஒரே ஃபைலாகக் கட்டி வையுங்கள், உரிமையும் அனுமதியும் அந்த மூட்டைக்குள்ளேயே இருக்கும். பழைய ஃபேட் 32 மட்டும் வேண்டாம், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

மின்தடை, 10.52
விண்டோஸிலும் எண்தான் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

தாழம்பூ, 11.38
1001 என்றுதான் இருந்தது. சர்வருக்குள் போய்விட்டேன், பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றடி தம்பி, ரொம்ப நன்றி.

வேப்பங்காற்று, மறுநாள் காலை 7.05
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் 501 என்று காட்டுகிறது. அதே கட்டளைதானா?

கிணற்றடி, 7.30
501 என்றால் பழையது மேக்காக இருக்கலாம், அங்கே முதல் கணக்குக்கு அந்த எண்தான். பழைய ஃபெடோரா லினக்ஸாக இருந்தால் 500-இலிருந்து தொடங்கும், அப்போது நீங்கள் இரண்டாவது ஆள். எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள்? டிஸ்க் எந்த ஃபார்மட்? தனி இழையாகப் போடுங்கள், பார்க்கிறேன்.