குளியல் உப்பு வீட்டில் செய்தவர்கள் உண்டா? என் கதை இது, உங்கள் கதையையும் போடுங்கள்

போன ஐப்பசியில் தங்கச்சி கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்ன கண்ணாடி பாட்டிலில் குளியல் உப்பு வைத்துக் கொடுத்தால் அழகாக இருக்குமே என்று எனக்குத்தான் தோன்றியது, யாரும் கேட்கவில்லை. 40 பாட்டில் செய்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் எண்ணிப் பார்த்தபோது 9 தான் தேறியது. மீதி 31 என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் வீடுகளில் உள்ளே உட்கார்ந்து குளிக்கிற தொட்டி எங்கே இருக்கிறது? எனக்கும் வாளியும் மக்கும்தான். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒரு கை உப்பைக் கரைத்துக் காலை வைப்பது, இல்லையென்றால் ஒரு மக்கில் கரைத்துக் கையிலும் காலிலும் தேய்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுவது. இதைத்தான் குளியல் உப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வீடியோவைப் பார்த்துப் பட்டியல் போட்டேன். கல் உப்பு, எப்சம் உப்பு, சமையல் சோடா, நுரை வருவதற்குச் சிட்ரிக் ஆசிட், லாவெண்டர் எண்ணெய், ரோஸ் கலருக்குச் சாப்பாட்டுச் சாயம், மேலே அலங்காரத்துக்கு ரோஜா இதழ். வீடியோ எடுத்தவர் எந்தக் குளிர் ஊரில் இருந்தாரோ, நான் சென்னையில், ஐப்பசி அடைமழையில், சுவரே வியர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கலந்தேன். இதழ்களை இரண்டு நாள் மின்விசிறிக்குக் கீழே காயவைத்திருந்தேன், கையில் சருகு மாதிரிதான் இருந்தது. காம்புப் பக்கம் ஈரம் இருந்ததைக் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கலந்து மூடியை இறுக்கி அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் டப் என்று ஒரு சத்தம். அம்மா குக்கர் என்று நினைத்து அடுப்படிக்கு ஓடினாள். பார்த்தால் ஒரு பாட்டில் மூடி தெறித்துப் பீரோவுக்குக் கீழே கிடக்கிறது. இன்னும் சிலவற்றைத் திறந்தபோது புஸ் என்று காற்று வந்தது. மற்றவை கல்லாக இறுகி ஸ்பூன் கூட இறங்கவில்லை. ரோஜா பழுப்பாகி, சிலதில் வெள்ளைப் பூஞ்சை. கண்ணாடி வெடிக்காமல் மூடி மட்டும் போனது என் நல்ல காலம்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. சோடாவும் சிட்ரிக் ஆசிடும் காய்ந்து இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும், ஒரு துளி ஈரம் பட்டால் போதும், கார்பன் டை ஆக்சைடு கிளம்பிவிடும். அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து கூப்பிட்டுக் கொடுப்பது உப்பு. ஆசிடே போடாவிட்டாலும் சோடாவும் எப்சமும் ஈரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மெதுவாக அதே வேலையைச் செய்யும். அதனால் இப்போது சோடாவை நான் பாட்டிலில் போடுவதே இல்லை. வேண்டுமென்றால் பேசினில் நேராக ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்ளலாம்.

இறுகிப்போனதைக் காப்பாற்றலாம் என்று சோடா போடாமல் தனியே எடுத்து வைத்திருந்த ஒரு பங்கை வாணலியில் போட்டு வறுத்தேன் பாருங்கள், அது இன்னொரு கூத்து. காய்வதற்குப் பதிலாகக் கஞ்சி மாதிரி இளகிவிட்டது! எப்சம் என்பது மக்னீசியம் சல்பேட், அதன் ஒவ்வொரு மூலக்கூறோடும் 7 தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சூடு பட்டால் அந்தத் தண்ணீர் வெளியே வந்து அதிலேயே அது கரையும். கல் உப்பை வாணலியில் லேசாக வறுக்கலாம், மொட்டை மாடி வெயிலில் தட்டில் பரப்பலாம், நல்லது. எப்சமை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கல் உப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, ஆச்சி உப்பளத்தில் வேலை பார்த்தவள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது பாத்தியில் வாரிக் கொஞ்ச நாளே ஆன புது உப்பு. அதில் கடல்நீரின் கசப்பு, அதாவது மக்னீசியம் குளோரைடு, மிச்சம் இருக்கும். அதுதான் ஈரத்தை இழுக்கிற முதல் ஆள். ஆச்சி புது உப்பைப் பனையோலைப் பெட்டியில் போட்டுத் தூக்கி வைப்பாள், கீழே ஒரு சட்டி. கசப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்த பிறகுதான் ஜாடிக்குப் போகும். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி, 31 பாட்டில் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது நான் செய்கிற அளவு: வெயிலில் காய்ந்த கல் உப்பு 300 கிராம், எப்சம் 150 கிராம், வெட்டிவேரைக் கத்தரித்து ஒரு சின்னத் துணி முடிச்சில். அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, சாயம் இல்லை, பூ இல்லை. வெட்டிவேர் பத்து நாள் உள்ளேயே கிடந்தால் லேசான வாசனை உப்பில் ஏறும், லாவெண்டர் அளவுக்கு எட்டூருக்கு அடிக்காது, எனக்கு அது போதும். கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி, பிளாஸ்டிக் மூடி. தகர மூடி இரண்டு மாதத்தில் துருப்பிடித்துச் சிவப்பாக உப்பில் உதிர்ந்தது. எவர்சில்வரும் வேண்டாம், புள்ளி புள்ளியாக அரிக்கும். எப்சம் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், செடிக்குப் போடும் உரமாகவும் அதே பெயரில் மூட்டையில் விற்கிறார்கள். மருந்துக் கடையில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரக் குறி) என்று போட்டு வருவதை நான் வாங்குகிறேன்.

எவ்வளவு போடுவது என்பதற்கு எனக்குக் கடல்தான் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 5 லிட்டர் பேசினுக்கு 175 கிராம் போட்டால் அது கடல். அதைவிடக் குறைவாக, ஒரு கை போதும். 15 நிமிடம், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். திருச்செந்தூரில் கடலில் முங்கிவிட்டு நாழிக்கிணற்றில் குளிக்கிறோமே, அதே வழக்கம்தான். மக்னீசியம் தோல் வழியே உள்ளே போய் வலியைப் போக்கும் என்று எழுதுகிறார்கள், அதற்கு உறுதியான சான்று கிடையாது. இதமாக இருப்பது பெரும்பாலும் வெந்நீர்.

ஆச்சியிடம் ஒரு பாட்டிலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உப்புல காலை வைக்கதுக்குத் துட்டு குடுக்காளாக்கும்? நாங்க காலம்பூரா உப்புலதான நின்னோம், எங்க காலைப் பாரு" என்று சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினாள். வெடித்து, வறண்டு, பனம்பட்டை மாதிரி இருக்கும் அந்தக் கால். எனக்குப் பேச்சு வரவில்லை.

*

அக்கா, மூடி தெறித்ததற்கே பயந்துவிட்டீர்கள். என் கதையைக் கேளுங்கள். நான் கோயம்புத்தூர், ஜிம்முக்குப் போகிறவன். கால் வலிக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று அரை வாளி வெந்நீரில் உப்பைப் போட்டு, சூடு ஏறட்டும் என்று பட்டை எண்ணெய் 15 சொட்டு விட்டேன். சமையல் பட்டைதானே, என்ன செய்துவிடும் என்று.

எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கு மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. உப்பில் முதலில் ஊற்றிக் கிளறினாலும் அதே கதைதான், உப்பு கரைந்ததும் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். முதல் மக்கில் அத்தனை எண்ணெயும் அப்படியே தொடையில் விழுந்தது. அரை நிமிடத்தில் மிளகாய்த் தூளைத் தேய்த்த மாதிரி. தண்ணீரை ஊற்ற ஊற்ற எரிச்சல் பரவியதே தவிரக் குறையவில்லை. அம்மா வந்து தேங்காய் எண்ணெயைப் பூசித் துணியால் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அடங்கியது. சிவப்புத் திட்டு ஒரு வாரம் இருந்தது. தோல் டாக்டர் சொன்னது: பட்டை, கிராம்பு, புதினா எண்ணெய்களைக் குளிக்கிற தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதே.

வாசனை வேண்டும் என்பவர்களுக்கு, பாலிசார்பேட் 20 என்று ஒரு திரவம் சோப்புப் பொருள் விற்கிற கடைகளில் கிடைக்கும், எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைப்பது அதுதான். முதலில் அதோடு எண்ணெயைக் கலந்து அப்புறம் உப்பில். ஒரு பேசினுக்கு 2, 3 சொட்டுக்கு மேல் வேண்டாம். முந்தின நாளே நீர்த்த எண்ணெயை முழங்கை மடிப்பில் தடவி 24 மணி நேரம் பாருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயைத் தெர்மோகோல் கப்பில் அளக்காதீர்கள், கப்பே கரைந்து கையில் வழியும். அதுவும் என் அனுபவம்தான், கேட்காதீர்கள்.

*

எங்கள் வீட்டில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. குதிகால் வெடிப்புக்கு உப்பு வெந்நீரில் கால் வைத்தால் நல்லது என்று நான்தான் செய்து கொடுத்தேன், ஆசையாக, எப்சம் எல்லாம் வாங்கி. தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டேன், "இல்லம்மா, பச்சைத் தண்ணி மாதிரிதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன். அரை மணி நேரம் டிவி பார்த்துக்கொண்டே வைத்திருந்தார். மறுநாள் இரண்டு காலிலும் கொப்புளம். அவருக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமே. நரம்பு மரத்துப்போயிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

கொப்புளம் உடைந்து புண்ணாகி, ஆற இரண்டரை மாதம் ஆனது. தினம் டிரஸ்ஸிங்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போவேன். பாத சிகிச்சை டாக்டர் தெளிவாகச் சொன்னார், சர்க்கரை உள்ளவர்கள் காலை ஊறவைக்கவே கூடாது, உப்போ வெறும் தண்ணீரோ. ஊறினால் தோல் மெலிந்து, அப்புறம் வறண்டு இன்னும் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி போகும். கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, மேலே மட்டும் எண்ணெயோ களிம்போ தடவினால் போதுமாம்.

தயவுசெய்து பெரியவர்களுக்குச் செய்து கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சூட்டை அவர்கள் காலால் பார்க்காதீர்கள், உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள்.

*

படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. அப்பா இப்போது நலமா?

கொஞ்சம் லேசானதாக ஒன்று சொல்கிறேன். நான் எப்சமைச் சீட்டு ஒட்டாத ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மாமனார் காலை நாலரைக்கு எழுந்து தானே காப்பி போட்டுக் குடிப்பவர். சர்க்கரை என்று இரண்டு ஸ்பூன். ஒரு வாய் வைத்ததும் வேப்பங்காயைக் கடித்த மாதிரி துப்பிவிட்டு வீட்டையே எழுப்பிவிட்டார். "என்னம்மா வெச்சிருக்க இதுல?" என்று கேட்டபோது பதில் சொல்ல நாக்கு வரவில்லை, ஏனென்றால் எப்சமுக்குத் தமிழில் பெயரே பேதி உப்பு. முழுக் கப்பையும் குடித்திருந்தால் அன்றைக்கு முழுக்க அவர் எங்கே இருந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் உடம்பில் அது சேர்ந்தால் விளையாட்டே இல்லை என்று அப்புறம் மருந்துக் கடைக்காரர் சொன்னார். இப்போது சிவப்பு மையில் பெரிதாக எழுதி, குளியலறை மேல்தட்டில். பார்க்கக் கற்கண்டு மாதிரியும் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கைக்கு எட்டாமல்.

வாசனைக்கு நீலகிரித் தைலமோ கற்பூரமோ சேர்ப்பவர்களும் அப்படித்தான் பத்திரப்படுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகள் அதில் கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

*

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆங்கிலப் பெயரான பாத் சால்ட்ஸ் என்று தேடினால் போதைப்பொருள் செய்தியாக வந்து விழும். நான் தேடிவிட்டு அரண்டுபோனேன். மெபெட்ரோன் மாதிரியான ரசாயனங்களை வெளிநாட்டில் அந்தப் பெயரில் பொட்டலம் போட்டு விற்றதால் வந்த குழப்பம் அது. 2011இல் அமெரிக்கா அவசரமாகத் தடை செய்தது, 2015இல் இந்தியாவும் மெபெட்ரோனைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம் ஜாடிக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. எப்சம் உப்பு என்று தேடுங்கள், இங்கிலாந்தில் அந்த ஊர்க் கசப்பு ஊற்றிலிருந்து வந்த பெயர் அது.

அப்புறம், இதை விற்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். நானே கேட்டு விசாரித்தேன். தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பது வேறு, அழகு சாதனம் என்று விற்க 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். அதோடு ஆசையை மூட்டைகட்டிவிட்டேன்.

*

ஆரம்பித்தவள் மறுபடி வந்திருக்கிறேன். அந்தச் சர்க்கரைக் கதையைப் படித்ததும் மிச்சம் இருந்த 9 பாட்டிலை வாங்கிப்போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒருத்தி அவள் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறாள், அவருக்குச் சர்க்கரை. நல்லவேளை இன்னும் திறக்கவில்லை. இன்னொரு வீட்டில் அது சாமி அலமாரியில் அழகுக்கு இருக்கிறதாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எல்லாரிடமும் சவரம், வாக்ஸிங் செய்த அன்றைக்கும் தோலில் கீறல் இருந்தாலும் தொடாதீர்கள், எரியும் என்று சொன்னேன்.

வெட்டிவேர் எவ்வளவு என்று தனியாகக் கேட்டவருக்கு: அரைக் கிலோ உப்புக்கு ஒரு பிடி. கழுவி நன்றாக, நிஜமாகவே நன்றாக, மூன்று வெயில் காயவிடுங்கள். மழை விடட்டும், தை மாதத்தில் செய்யுங்கள்.