அப்பத்தா கதையை ஊரறிய எழுதலாமா?

பனங்காட்டு வழி:
எங்கள் ஊர் தொண்டிக்கும் திருவாடானைக்கும் நடுவில். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, திருவாடானைச் சிறையை உடைத்துக் காங்கிரஸ் பேச்சாளர் சின்ன அண்ணாமலையை மீட்ட கூட்டத்தில் என் தாத்தாவும் இருந்தார். அப்புறம் போலீஸ் ஊர் ஊராக வந்தது. ஆம்பிளைகள் எல்லாம் பனங்காட்டுக்குள் போய்விட்டார்கள். தை மாதம் தாத்தா பிடிபட்டு, பெல்லாரிப் பக்கம் அலிபுரம் சிறைக்குப் போனார். 1972இல் தியாகிகளுக்கான தாமிரப் பட்டயம் வந்தது. இதெல்லாம் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

மாட்டாத கதை ஒன்று இருக்கிறது. அந்த ஐந்து மாதமும் தாத்தாவுக்குக் கஞ்சி கொண்டுபோனது அப்பத்தா. கூடையின் அடியில் தூக்குச்சட்டி, மேலே எருவாட்டி. எந்தப் போலீஸ்காரனும் எருவாட்டிக்குள் கைவிட மாட்டான் என்பது அவள் கணக்கு. "கஞ்சி சாணி நாறுதுன்னு உங்க தாத்தா ஒருநாள் முகத்தைச் சுளிச்சாரு. மறுநாள் நான் போகல" என்று சொல்லிவிட்டுப் பனங்கிழங்கின் நாரைக் கிழித்துக்கொண்டே சிரிப்பாள்.

கார்த்திகை வாக்கில் வயிறு தெரிய ஆரம்பித்தது. புருஷன் ஊரில் இல்லை, பிள்ளை எப்படி? தேடி வந்த போலீஸ்காரன் வாசலில் நின்று, நாலு பேர் கேட்க அதைத்தான் கேட்டான். அவர் வந்துபோகிறார் என்று சொன்னால் அன்றைக்கே காட்டை வளைத்திருப்பார்கள். "யாரோன்னு வச்சுக்கங்க" என்றாளாம். ஊர் அதையே பிடித்துக்கொண்டது. சொந்த மாமியாரே ஒரு மாசம் பேசவில்லை.

அந்தப் பிள்ளை 1943 ஆனியில் பிறந்த என் பெரிய அத்தை. இன்னும் இருக்கிறார். தாத்தா பிடிபட்ட பிறகும் சில வாய்கள் மூடவில்லை. எழுதலாம் என்றால், "செத்துப்போனவளை ஏன் சந்திக்கு இழுக்கிறே?" என்கிறார் சித்தப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

முத்துக்குளி:
ராமநாதபுரத்தில் பெண்களை யார் மறந்தது? 1730இல் இங்கே பிறந்த வேலு நாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டார். அவருக்காக உயிரைக் கொடுத்த குயிலி இருக்கிறார், உடையாள் இருக்கிறார்.

பனங்காட்டு வழி:
இருக்கிறார்கள் அண்ணே. நாச்சியாருக்கு 2008இல் தபால் தலையும் வந்தது. ஆனால் அவர் அரண்மனையில் பிறந்தவர். குயிலியையே ஊர் வாய்தானே இத்தனை காலம் தூக்கி வந்திருக்கிறது? எங்கள் அப்பத்தா விஷயத்தில் ஊர் வாய் வேறு வேலை பார்த்துவிட்டது.

பழைய குமாஸ்தா:
தம்பி, தியாகி பென்ஷன் விதியைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். 1972இல் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டம். ஆறு மாதச் சிறை வேண்டும், பெண்களுக்கு மூன்று மாதம் போதும். தலைமறைவாக இருந்தாலும் சேரும், ஆனால் தேடப்படுபவர் என்று அரசு அறிவித்திருக்க வேண்டும். தலைமறைவானவருக்குச் சோறு போட்டவருக்கு அதில் கட்டமே கிடையாது. தாத்தாவுக்குப் பிறகு உங்கள் அப்பத்தா குடும்ப ஓய்வூதியம் வாங்கியிருந்தால், அந்தக் கோப்பில் அவர் தியாகியின் விதவை. அவ்வளவுதான். தேடுகிறவர்களுக்கு இன்னொன்று: 1985இல் மாவட்டம் பிரிந்தது. அதே போராட்டம் நடந்த தேவகோட்டை இப்போது சிவகங்கையில், திருவாடானை ராமநாதபுரத்தில். 42 சமாச்சாரத்துக்கு இரண்டு பக்கமும் அலைய வேண்டியிருக்கும்.

தேவிபட்டினம் பேரன்:
எங்கள் வீட்டிலும் ஒன்று. பாட்டியின் அக்கா மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தபோது கேப்டன் லட்சுமியின் கீழே சேர்ந்தவர். 1945இல் ரங்கூனிலிருந்து பாங்காக் பக்கமாகப் பின்வாங்கியபோது நடந்தே வந்தவர்களில் ஒருவர். ஊருக்குத் திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்த பட்டம் 'கால்சட்டைக்காரி'. மாப்பிள்ளை வீட்டார் வந்தால், அவர் படையில் இருந்தபோது எடுத்த படத்தை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவார்களாம். இப்போது அரிக்கப்பட்ட பாதிப் படம்தான் என்னிடம் இருக்கிறது. எழுதிவிடுங்கள், பூச்சிக்கு முந்திக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற டீச்சர்:
எல்லாரும் அப்பத்தாவைப் பற்றியே பேசுகிறீர்கள். எண்பது தாண்டிய ஒரு பெண்ணின் பிறப்பைப் பற்றியும் அல்லவா இந்தக் கதை? சித்தப்பாவும் வேண்டாம், நாங்களும் வேண்டாம். முதலில் அத்தையிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் நோட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். சரி என்றால் அவர் குரலைப் போனில் பதிவு செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நடுவில் பேசாதீர்கள், ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பனங்காட்டு வழி:
டீச்சர், நேற்றுப் போய் வந்தேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். பாதியிலேயே, "எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? பள்ளிக்கூடத்துல என் பேரே பனங்காட்டுப் பிள்ளைதானேடா" என்றார். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்தேன், ஒரு மணி நேரம் பத்து நிமிடம். நடுவில் பேசியது இரண்டே தடவை.

எழுதச் சொல்லிவிட்டார், ஒரு திருத்தத்தோடு. மறுநாள் கஞ்சி போகவில்லை என்று அப்பத்தா சொன்னது பொய்யாம். போனது, உப்பில்லாமல்.