குன்னூரில் கிடைத்த பழைய பூப்படங்கள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் காட்டுப் பூக்கள் வரைந்த 11 தாள்கள், தனித்தனியாக. நான்கின் ஓரத்தில் ‘கோவிந்து’ என்று ஆங்கில எழுத்தில் பெயர். 1846 முதல் 1851 வரை தாவரவியலாளர் ராபர்ட் வைட் சென்னையில் வெளியிட்ட நீலகிரித் தாவர நூலுக்குப் படம் வரைந்த அதே கோவிந்துவா? தன் ஓவியரை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே அவர் பெயரைச் சூட்டியவர் வைட். நம்மூர்க்காரர் கை பட்ட தாளாக இருக்குமோ என்று நினைத்தாலே மனசு அடித்துக்கொள்கிறது.

பழம்பொருள் வியாபாரி ஒருவர் மொத்தமாக 8,000 ரூபாய் தருகிறாராம், ஏலத்துக்கு அனுப்பவாம். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. ஆக உள்நாட்டு ஏலம்தான். நாமே நேரடியாகக் கொடுத்தால் கமிஷன் எவ்வளவு பிடிப்பார்கள்? குறைந்தபட்ச விலையை நாம் வைக்கலாமா? வண்ணம் கையால் தீட்டியதா, அச்சா என்று லென்ஸில் எப்படிப் பார்ப்பது?

இன்னொன்று, இதுதான் அவசரம். இந்த மூடுபனியில் இரண்டு தாள்களில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருக்கிறது. பயத்தில் துடைக்கவே இல்லை. காகிதம் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஊட்டி, கோத்தகிரி, கோவைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள் அண்ணா, அக்கா. வியாபாரி ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறார்.